பட்டறைக் கேள்விகள்: கதவு இடித்தால் கீழே குனிந்து பாருங்கள்

வீட்டு முற்றத்தில் நான் கட்டிய இரண்டு இருக்கை ஃபைபர் காரைப் பற்றிப் போன இதழில் நாலு பத்தி எழுதியிருந்தேன். மண்டபம் ஊரில் படகுக்கு ஃபைபர் அடிக்கிறவனுக்குக் கார் எதற்கு என்று சிலர் கேலி செய்தார்கள். மற்றவர்கள் கேள்வி அனுப்பிவிட்டார்கள். இது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15-இல் படகைக் கரையேற்றிய எல்லாரும் ஜூன் 14-க்குள் வேலையை முடித்துக் கொடு என்று பட்டறை வாசலில் நிற்கிறார்கள். அதனால் ராத்திரியில் உட்கார்ந்து எழுதிய பதில்கள் இவை. சிலவற்றுக்கு நீளமாகவும் சிலவற்றுக்கு ஒரு வரியிலும் எழுதியிருக்கிறேன். கோபிக்க வேண்டாம்.

பழைய மாருதி 800 இன்ஜினை வைத்து, சொந்தமாக சேஸ் (அடிச்சட்டம்) அடித்து, ஃபைபர் பாடி வாங்கி உட்கார வைத்திருக்கிறேன். வலது கதவின் பின்பக்க இடைவெளி மேலே 3 மி.மீ., கீழே 9 மி.மீ. கீலை எவ்வளவு நகர்த்தியும் சரிவரவில்லை. கதவு ஓரத்தைத் தேய்த்துவிடலாமா?
— ஒரு வாசகர், தொண்டி

கிரைண்டரைக் கீழே வையுங்கள், அண்ணே. முதலில் கதவின் வால்பக்கத்தைக் கையால் தூக்கிப் பாருங்கள். கீலில் 'டொக்' என்று ஆட்டம் தெரிந்தால் கீல் ஆணி தேய்ந்திருக்கிறது. கீலை மாற்றினால் வேலை முடிந்தது. ஆட்டம் இல்லையென்றால் இடது கதவைப் போய்ப் பாருங்கள். அங்கேயும் மேலே நெருக்கம், கீழே அகலம் என்றால் வண்டியின் நடுவயிறு தொங்குகிறது. கூரையில்லாத வண்டிக்கு இது வருகிற நோய்தான். இடது பக்கம் சரியாக இருந்து வலது மட்டும் இடித்தால் சேஸ் முறுக்கிக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். மூன்றிலும் கதவின் மேல் குற்றம் இல்லை.

என் கதையைச் சொல்கிறேன். எங்கள் முற்றம் கடல் மணல். நாலு ஹாலோ பிளாக்கை அடுக்கி அதன்மேல் சேஸை ஏற்றி, பாடியை இறக்கி, இரண்டு கதவையும் மாட்டினேன். மூன்று வாரம் ஆனது. சுற்றிலும் 5 மி.மீ., விரலை ஓட்டினால் எங்கும் தட்டாது. பார்க்க வந்தவர்களிடம் திறந்து திறந்து மூடிக் காட்டினேன். பிறகு சக்கரம் மாட்டித் தரையில் இறக்கினேன். இடது கதவு மூடவே இல்லை.

கதவைத்தான் திட்டினேன், கீலைத் திட்டினேன், பாடி அச்சு எடுத்தவரையும் திட்டினேன். பக்கத்து வீட்டில் சுவர் எழுப்பிக்கொண்டிருந்த கொத்தனார் வந்து பார்த்தார். அவர் கதவைப் பார்க்கவே இல்லை. குனிந்து அந்த நாலு பிளாக் நின்ற இடத்தைப் பார்த்தார். நடுவில் ஒருநாள் மழை பெய்திருந்தது. ஒரு மூலை மணலில் இறங்கியிருந்தது. முறுக்கி நின்ற சேஸுக்குத்தான் நான் கதவை அவ்வளவு அழகாகப் பொருத்தியிருக்கிறேன்! நேராக நின்றதும் பல்லைக் காட்டிவிட்டது.

அதற்கப்புறம் டியூப் லெவல் இல்லாமல் நான் எதையும் தொடுவதில்லை. கொத்தனார் வைத்திருக்கிற அதே கண்ணாடிக் குழாய்தான். தண்ணீரில் இரண்டு சொட்டு நீலம் விட்டால் மட்டம் பளிச்சென்று தெரியும். உள்ளே ஒரு காற்றுக் குமிழ் இருந்தாலும் கணக்கு பொய். என் வீட்டுக்காரம்மா ஒரு முனையைப் பின் சேஸில் பிடித்துக்கொள்வார். நான் மறுமுனையை முன்மூலையில் வைப்பேன். குழாய் வாயைப் பெருவிரலால் மூடிக்கொண்டு நடந்துவந்து, இடம் சேர்ந்ததும் எடுக்க வேண்டும். அவர் விரலை எடுக்க மறந்து நான் பத்து நிமிடம் நீலத் தண்ணீரோடு சண்டை போட்ட நாளும் உண்டு.

நீங்கள் செய்ய வேண்டியது இது. வண்டி தன் சக்கரத்தில், சிமென்ட் தரையில் நிற்கட்டும். இன்ஜின், பேட்டரி, ஸ்டெப்னி எல்லாம் அதனதன் இடத்தில் இருக்க வேண்டும். இரண்டு இருக்கையிலும் ஆளுக்கு ஒன்றாக 65 கிலோ மணல் மூட்டை. வண்டியை நாலு மூலையிலும் அமுக்கி ஆட்டிவிட்டு, அதுவாக அடங்கிய பிறகு சேஸின் நாலு மூலை மட்டத்தையும் பாருங்கள். குறுக்கு மூலை அளவு இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று தங்கூசி நூல் (தூண்டிலுக்குப் போடுகிற நைலான் இழை) கட்டி அளங்கள். தங்கூசியை இழுத்துக் கட்டினால் தொய்யாது, காற்றில் ஆடினாலும் உடனே அடங்கும், சணலைவிட நம்பலாம்.

சேஸ் மட்டம் என்று தெரிந்தபின் பாடியைச் சேஸோடு பிடிக்கிற மவுன்ட் போல்ட்டுகளைத் தளர்த்துங்கள். எந்த மூலையில் பாடி தானாக எழும்பி நிற்கிறதோ அங்கே அவ்வளவு கனத்துக்கு வாஷர் கொடுங்கள். இழுத்து முறுக்கி உட்கார வைக்காதீர்கள். என் வண்டியில் முன் மவுன்ட்டுக்குக் கீழே வைத்த 2 மி.மீ. வாஷர், கதவின் பின்முனையில் ஏறத்தாழ இரண்டு மடங்காகத் தெரிந்தது. உங்கள் 6 மி.மீ. வித்தியாசத்தில் முக்கால்வாசி இதிலேயே போய்விடும் என்பது என் கணிப்பு.

மிச்சம் இருக்கிற ஒன்று, ஒன்றரை மி.மீ.க்கு மட்டும் ஓரத்தில் கை வையுங்கள். அப்போதும் தேய்ப்பதைவிடச் சேர்ப்பது நல்லது. கதவு ஓரத்தில் பிரவுன் பேக்கிங் டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டி, அதன்மேல் வேக்ஸ் தடவிக் கதவை மூடுங்கள். பாடி ஓரத்தை 80 நம்பர் எமரியால் சொரசொரப்பாக்கி, ரெசினில் (ஃபைபருக்கான பிசின்) பொடியாக வெட்டிய மேட்டை (கண்ணாடி இழை விரிப்பு) குழைத்து இடைவெளி முழுக்க அடைத்துவிடுங்கள். இறுகியதும் 4 மி.மீ. பிளைவுட் துண்டை அளவுகோலாக வைத்து ஹேக்சா பிளேடால் கீறினால் மேலிருந்து கீழ்வரை ஒரே அகலத்தில் கோடு கிடைக்கும். பெயின்ட்டும் இடத்தைத் தின்னும் என்பதை மறக்காதீர்கள். பிரைமர், பெயின்ட் எல்லாம் சேர்ந்து இரண்டு ஓரத்திலும் ஏறும்போது நீங்கள் விட்ட 4, மூன்றரையாகத்தான் இருக்கும்.

கதவு இரண்டும் உட்கார்ந்த பிறகுதான் பேனட், அதற்கப்புறம் மட்கார்டு. நடுவில் தொடங்கி முனைக்குப் போங்கள். பேனட்டில் தொடங்கினால் பிழையெல்லாம் கதவில் வந்து சேரும், அதுதான் திறந்து மூடுகிற சாமான்.

என் காக்கா (அண்ணன்) இங்கிலாந்தில் இருக்கிறார். அங்கே கார் பாகங்களைப் பெட்டியில் போட்டு விற்கிறார்களாம், வீட்டிலேயே பூட்டிக்கொள்ளலாமாம். ஒன்றை இங்கே வரவழைத்துக் கட்டினால் நம்பர் பிளேட் கிடைக்குமா?
— ஒரு வாசகர், கீழக்கரை

காக்கா சொன்னது உண்மை. அங்கே அது பழைய வழக்கம். காலின் சாப்மன் 1957-இல் லோட்டஸ் செவன் என்ற சின்ன வண்டியைக் கொண்டுவந்தார். முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி கட்ட வேண்டும். பாகமாக வாங்கினால் வேண்டாம். அதனால் ஜனங்கள் பாகமாக வாங்கி வீட்டுக் கொட்டகையில் பூட்டினார்கள். பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரிச்சலுகை போய்விடும் என்பதால், எப்படிக் கழற்றுவது என்று எழுதிக் கொடுத்து, அதைப் பின்னாலிருந்து படித்துக்கொள்ளச் சொன்னார்கள் என்றொரு கதை உண்டு. நம்மூர் மூளைதான் அங்கேயும்! 1973-இல் அந்த வரி போய் வாட் வந்ததும் சலுகை போனது. அதே வருடம் அந்த வண்டியின் உரிமை கேட்டர்ஹாம் கைக்குப் போனது. இன்றைக்கும் விற்கிறார்கள்.

அங்கே வீட்டில் கட்டிய ஒற்றைக் காரையும் அரசாங்கம் சோதித்துப் பார்த்துச் சாலையில் விடும், ஐ.வி.ஏ. என்று பெயர். கண்ணாடி, பிரேக், புகை என்று எல்லாம் பார்ப்பார்கள். பாடியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓரங்கள் குறைந்தது 2.5 மி.மீ. ஆரத்துக்கு உருண்டிருக்க வேண்டும் என்பதுவரை விதி. ஃபைபர் ஓரத்தைக் கூராக விட்டு வைக்கிறவர்களுக்கு நான் இதை அடிக்கடி சொல்வேன். நடந்துபோகிற பிள்ளையின் முழங்காலைக் கீறுவது அந்த ஓரம்தான்.

நம் நாட்டில் அப்படி ஒற்றை வண்டிக்குச் சுலபமான வழி இல்லை. புது மாடல் என்றால் மத்திய மோட்டார் வாகன விதி 126-இன்படி, பூனா ஏ.ஆர்.ஏ.ஐ. மாதிரியான சோதனை மையத்தில் தேற வேண்டும். அது கம்பெனிகளுக்கான பாதை. சரி, பழைய காரின் ஆர்.சி.யை வைத்துக்கொண்டு மேலே வேறு பாடி போடலாமே என்று கேட்பீர்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதற்குக் குறுக்கே நிற்கிறது. தயாரித்தவர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டி மாறக் கூடாது என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பதிவில்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது என்பது 39-ஆம் பிரிவு.

என் வண்டிக்கு நம்பர் கிடையாது. உச்சிப்புளிப் பக்கம் மச்சானுடைய தென்னந்தோப்புக்குள் ஓடுகிறது, அவ்வளவுதான். தோப்புக்கு லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோனேன். கடற்கரை சும்மா கிடக்கிறதே என்று நினைக்காதீர்கள். அதுவும் பொது இடம்தான், போதாததற்கு ஆமை ஏறி முட்டையிடுகிற கரை. இதெல்லாம் தெரிந்த பிறகும் கட்ட ஆசை இருக்கிறதென்றால் தாராளமாகக் கட்டுங்கள். காக்காவிடம் முதலில் சொல்லிவிடுங்கள், பாவம்.

ஐயா, கல்லூரிப் போட்டிக்காகக் கார் செய்கிறோம். முன்மூக்குக்குத் தெர்மோகோலில் உருவம் செதுக்கி, மேலே மேட் வைத்து ரெசின் தடவினோம். காலையில் பார்த்தால் தெர்மோகோலைக் காணோம். என்ன தவறு?
— ஒரு மாணவர், பரமக்குடி

காணாமல் போகவில்லை தம்பி, ரெசின் குடித்துவிட்டது. பாலியஸ்டர் ரெசினில் ஸ்டைரின் இருக்கிறது. தெர்மோகோல் என்பதும் அதே ஸ்டைரினிலிருந்து வந்ததுதான். பட்டதும் கரைந்துவிடும். செதுக்கிய உருவத்தின்மேல் பாரிஸ் சாந்து பூசித் தேய்த்து, பேக்கிங் டேப் சுற்றி, வேக்ஸ் போட்டபின் மேட் வையுங்கள். இல்லையென்றால் எபாக்ஸி ரெசினுக்கு மாறுங்கள். அது தெர்மோகோலைத் தொடாது, விலைதான் கையைக் கடிக்கும். 1998 வாக்கில் நானும் ஒரு மீன் பெட்டிக்கு இதையே செய்து முதலாளியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு ஃபைபர் வேலை கற்கிறேன் என்று இறங்கிவிட்டார். ரெசின் டின், இரண்டு சின்ன பாட்டில் எல்லாம் சமையலறை ஜன்னலுக்கு அடியில். வாடை தலையைச் சுற்றுகிறது. இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் என்ன செய்ய?
— ஒரு வாசகி, ஏர்வாடி

தங்கச்சி, இந்த இதழிலேயே முக்கியமான கேள்வி உங்களுடையது. இந்தப் பதிலை அவரிடம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

அந்த இரண்டு பாட்டிலில் ஒன்று ஊதா நிறமாக இருக்கும், அது இறுகுவதை முடுக்கிவிடுகிற கோபால்ட். இன்னொன்று தண்ணீர் மாதிரி இருக்கும், அது ரெசினை இறுக வைக்கிற கேட்டலிஸ்ட். இரண்டும் நேராக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் வெடிக்கும். ஒரே தட்டில் வைக்கவே கூடாது. ஒரே ஸ்பூனையோ மூடியையோ இரண்டுக்கும் பயன்படுத்தக் கூடாது. முதலில் கோபால்ட்டை ரெசினில் விட்டு நன்றாகக் கலக்கிவிட வேண்டும். வேலை தொடங்கும்போதுதான் கேட்டலிஸ்ட். இப்போது கடையில் வரும் ரெசின் பலவற்றில் கோபால்ட் முன்பே கலந்திருக்கும். கேட்டு வாங்கினால் அந்த ஊதா பாட்டிலே வீட்டுக்குள் வர வேண்டாம்.

தண்ணீர் மாதிரி இருக்கிறதே, அதுதான் மோசமானது. ஒரு சொட்டு கண்ணில் தெறித்தாலும் பார்வை போகலாம். என்னோடு வேலை பார்த்த ஒருவர் பாட்டிலை வாயால் திறந்தார், மூடி தெறித்தது. கால்மணி நேரம் தொட்டித் தண்ணீரில் கண்ணைத் திறந்துவைத்து ஊற்றிக்கொண்டே இருந்தோம், அப்புறம் ராமநாதபுரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பார்வை தப்பியது. மூடுகண்ணாடி போடாமல் அந்தப் பாட்டிலைத் தொடுகிறவனை நான் பட்டறைக்குள் விடுவதில்லை.

சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் இன்றைக்கே வெளியேற்றுங்கள். ரெசின் ஆவி அடுப்புத் தீயைப் பிடிக்கும். நிழலான, காற்றோட்டமான, பூட்டக்கூடிய இடம் வேண்டும். கலந்து மிச்சமான ரெசினை மக்கில் அப்படியே விட்டுவைத்தால் அதுவே சூடேறிப் புகையும். மணலில் மெல்லிசாக ஊற்றிப் பரப்பிவிடச் சொல்லுங்கள். துணி முகமூடி இந்த வாடைக்கு உதவாது. கரி வடிகட்டி உள்ள மாஸ்க் வேண்டும். இதெல்லாம் முடியாது என்று அவர் சொன்னால், அச்சு வேலையை விட்டுவிட்டு, ரெடியாக வரும் பாடியை வாங்கிப் பூட்டுகிற வேலையை மட்டும் செய்யட்டும். அதிலும் ஆசை தீரும்.

நான் நாட்டுப்படகு ஃபைபர் அச்சு எடுக்கிறவன். அதே மேட், அதே ரெசின்தானே? கார் பேனட்டுக்கும் அப்படியே அடித்துவிடலாமா? ஒன்று அடித்தேன், வெயிலில் வைத்ததும் அலையலையாகத் தெரிகிறது.
— ஒரு வாசகர், பாம்பன்

வாங்க, நம்ம ஆள். படகுக்காரன் காருக்குப் போவது புதிதில்லை. அமெரிக்காவில் கலிஃபோர்னியாக் கரையில் புரூஸ் மேயர்ஸ் என்றொருவர் இருந்தார், ஃபைபர் படகு கட்டிப் பழகிய கை. மணலில் ஓட்ட ஒரு வண்டி வேண்டும் என்று 1964-இல் ஃபைபரிலேயே தொட்டி மாதிரி ஒன்றைச் செய்து, ஃபோக்ஸ்வாகன் பீட்டில் சாமான்களைப் பூட்டினார். மேயர்ஸ் மாங்ஸ் என்று பெயர். அப்புறம் பீட்டிலின் அடித்தளத்தையே ஓரடிக்கு மேல் வெட்டிக் குறைத்து, அதன்மேல் பாடியைப் பூட்டுகிற மாதிரி கிட்டாக விற்றார். உலகம் முழுக்க அதைப் பார்த்துப் பார்த்துக் காப்பியடித்தார்கள். அதன் படத்தைப் பாருங்கள்: எங்கேயும் தட்டையான இடம் இருக்காது. எல்லாம் வளைவு, ஓரமெல்லாம் உருட்டி மடித்தது. படகுக்காரன் மூளை அது. வளைவுதான் பலம் என்று அவருக்குத் தெரியும்.

உங்கள் பேனட்டில் நடந்தது என்னவென்று நான் ஊகிக்கிறேன். ஜெல் கோட்டுக்கு (அச்சில் முதலில் பூசுகிற மேல்பூச்சு) அடுத்து நேராக ரோவிங் (நெய்த கண்ணாடி இழை) வைத்திருப்பீர்கள். படகில் அது பரவாயில்லை, அலைக்கு அழகு தெரியாது. காரில் அந்த நெசவு அப்படியே மேலே பதிந்து, பாலிஷ் போட்டதும் பாய் மாதிரி தெரியும். ஜெல்லுக்குப் பின்னால் முதலில் (சதுர மீட்டருக்கு) 300 கிராம் மேட் ஒன்று வைத்து, குமிழ் இல்லாமல் ரோலர் ஓட்டி, அது இறுகட்டும். அப்புறம் 450 கிராம் மேட் இரண்டு. மொத்தம் 3 மி.மீ. பக்கம் வரும், பேனட்டுக்கு அது போதும். ரோவிங் வேண்டாம். கனத்தைக் கூட்டுவதற்குப் பதில் அடியில் விலா போடுங்கள். ஆனால் மேல்தோல் நன்றாக இறுகியபின் போடுங்கள், அவசரப்பட்டால் விலாவின் கோடும் மேலே தெரியும்.

அச்சிலிருந்து எப்போது எடுத்தீர்கள்? நான் வெளியே வாங்கிய முதல் பேனட்டை அடித்தவர் அன்றைக்கே எடுத்து அன்றைக்கே அனுப்பிவிட்டார். நான் என் பங்குக்கு அதை இரண்டு மாதம் மேற்குச் சுவரில் சாய்த்து வைத்தேன். முழுசாக இறுகாத பச்சை ஃபைபர், பின்மதிய வெயில். தயிர்ச்சட்டியைக் கவிழ்த்த மாதிரி வயிறு தள்ளிவிட்டது. அதைச் சரிசெய்ய வண்டிமேலேயே ஓரங்களைக் கட்டி, நடுவில் மணல் மூட்டை வைத்து, சித்திரை வெயிலில் பத்து நாள் விட்டேன். முக்கால்வாசி திரும்பியது. மிச்சத்துக்குப் பட்டி பார்த்தேன். ஒரு வாரமாவது அச்சிலேயே விடுங்கள். எடுத்த பிறகு வண்டிமேல் அதன் இடத்திலேயே வைத்துக் காய விடுங்கள், சுவர் வேண்டாம்.

நேரமும் பார்க்க வேண்டும். ஒரு கிலோ ரெசினுக்கு 10 மில்லி கேட்டலிஸ்ட்டுக்குக் கீழே இறங்காதீர்கள். வெயில் காலத்தில் சீக்கிரம் இறுகுகிறதே என்று சிலர் 5 மில்லிக்கு இறக்கிவிடுகிறார்கள். அது கடைசிவரை உள்ளே பச்சையாகவே இருக்கும். அளவைக் குறைக்காமல் விடிகாலை ஐந்து மணிக்கு அடியுங்கள். வாடைக்காற்று வீசி மழை பிடிக்கிற ஐப்பசி கார்த்திகையில் நான் கார் பாகம் அடிப்பதே இல்லை. மேட் ஈரம் குடித்து வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும். படகில் பெயின்ட் மறைத்துவிடும், காரில் மறைக்காது.

போல்ட் போட்ட இடமெல்லாம் நட்சத்திரம் மாதிரி விரிசல். போல்ட் குறைந்த தரமா?
— ஒரு வாசகர், தங்கச்சிமடம்

போல்ட் நல்லதுதான், உங்கள் கை பலமானது. இரும்பை முறுக்குகிற மாதிரி ஃபைபரை முறுக்கியிருக்கிறீர்கள். 6 மி.மீ. போல்ட்டுக்கு 8 மி.மீ. ஓட்டை, அடியில் அகல வாஷர், நடுவில் ரப்பர், நைலாக் நட். ரப்பர் லேசாகப் பிதுங்கியதும் நிறுத்துங்கள். சேஸ் ஆடும், ஃபைபர் வெயிலில் நீளும். அதற்கு நகர இடம் வேண்டும். ஓட்டை போடுமுன் மாஸ்கிங் டேப் ஒட்டி, டிரில்லை முதலில் தலைகீழாகச் சுற்றவிட்டு ஜெல்லைக் கீறுங்கள், பிறகு நேராக. ஓரம் உடையாது.

ராமேஸ்வரத்தில் வீடு, கடலுக்கு 200 மீட்டர். அலுமினியத் தகடு அடித்துக் கார் பக்கவாட்டைச் செய்யலாமா, ஃபைபரா?
— ஒரு வாசகர், ராமேஸ்வரம்

அங்கே ஃபைபர்தான். அலுமினியம் தனியாக இருந்தால் உப்பைத் தாங்கும், இரும்போடு ஒட்டவைத்தால்தான் வம்பு. என் வண்டியின் தரைத்தகடு அலுமினியம். இரும்புக் குழாயில் ரிவெட் அடித்தேன். ஒன்றரை வருடத்தில் ரிவெட்டைச் சுற்றி வெள்ளையாகப் பூத்துவிட்டது, நகத்தால் சுரண்டினால் மாவு மாதிரி உதிர்ந்தது. கழற்றி, இரண்டுக்கும் நடுவில் பி.யு. (பாலியூரித்தேன்) சீலன்ட் தடவி, துளையில்லாத ரிவெட்டாகப் பார்த்து அடித்தேன். இப்போது நிற்கிறது. நட், போல்ட் எல்லாம் 316 ஸ்டெயின்லெஸ். 304 இங்கே தேநீர்க் கறை மாதிரி பழுப்பேறும். சேஸ் குழாய்க்குள் காற்று புகுந்து வியர்க்கும். அடியில் சின்ன ஓட்டை விட்டு, உள்ளே மெழுகு அடித்துவிடுங்கள். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவுவது உத்தமம் என்று எழுத வந்தேன். நம் ஜில்லாவில் காருக்கு நல்ல தண்ணீரா என்று வீட்டில் அடிக்க வருவார்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

மொத்தம் எவ்வளவு செலவானது?
— பெயர் வேண்டாம், உச்சிப்புளி

கணக்கு நோட்டை மூன்றாம் வருடம் வீட்டுக்காரம்மா எடுத்து ஒளித்துவைத்துவிட்டார். நானும் தேடவில்லை.

எல்லாம் பூட்டியாயிற்று. இடது ஹெட்லைட் மங்கலாக எரிகிறது, இண்டிகேட்டர் போட்டால் அதுவும் சேர்ந்து கண்சிமிட்டுகிறது. பல்பை மூன்று முறை மாற்றிவிட்டேன்.
— ஒரு வாசகர், தேவிபட்டினம்

பழைய காரின் வயரிங்கை அப்படியே எடுத்து மாட்டியிருப்பீர்கள். அந்தக் காரில் தகரப் பாடிதான் பாதி வயரின் வேலையைப் பார்த்தது. விளக்கைத் தகரத்தில் முடுக்கினாலே எர்த் கிடைத்துவிடும். உங்கள் பாடி ஃபைபர். கரண்ட் அதன் வழியே போகாது. திரும்பிப் போக வழியில்லாத கரண்ட் இண்டிகேட்டர் பல்பு வழியாக வீட்டுக்குப் போகிறது, அதனால்தான் அந்தக் கண்சிமிட்டல். ஒவ்வொரு விளக்குக்கும், ஹாரனுக்கும், வைப்பர் மோட்டாருக்கும், பெட்ரோல் டேங்க் மிதவைக்கும் தனித்தனியாகக் கறுப்பு வயர் இழுத்து, சேஸில் பெயின்ட்டைச் சுரண்டிய இடத்தில் சேர்த்துக் கட்டி, மேலே கிரீஸ் அப்புங்கள். நாளைக்குக் காலையில் ஒரு துண்டு வயரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்து, மறுமுனையை விளக்கின் பின்பக்க எர்த் முனையில் பிடித்துப் பாருங்கள். பளிச்சென்று எரிந்தால் எனக்கு எழுத வேண்டாம். எரியாவிட்டால் ஜூன் 14-க்கு அப்புறம் எழுதுங்கள்.